கவாத்து பேண்டும் என்ற கல்யாணக் கோட்டும்

போன மாசம் எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதானுங்க. என்ற மணிவிழா பேனருக்கு, தலையில முடி இருந்த காலத்துப் போட்டோ ஒண்ணைத் தேடிக் கடையில குடுக்கணும்.

கல்யாண ஆல்பம் இல்லையான்னு கேப்பீங்க. எங்க மலையூரு கேத்திக் குளிருக்குப் பூரா பூஞ்சணம் புடிச்சு, அதுல மாப்பிள்ளை எது, மாலை எதுன்னே தெரியல.

"அந்த விவசாயிகள் சங்கத்து ஃபைல்ல பாருங்க, கோட்டு போட்டு நின்னீங்கல்ல"ன்னா என்ற பொண்டாட்டி சரசு.

பாத்தேன். இருந்துச்சு! கறுப்புக் கோட்டு, நெத்தியில புரளற முடி, சாட்சாத் நானேதான்! சொந்தக்காரங்க பூரா நான் பொறந்ததே வழுக்கையோடன்னு நெனச்சிட்டிருக்காங்க. அவங்க வாயை அடைக்க எனக்கிருக்கற ஒரே சாட்சி அது.

ஆனா பக்கத்துல நாலு பசங்க நிப்பாங்க. அந்தக் கூத்தையும் சொல்லிடறேன்.

பச்சைத் தேயிலை விலை படுத்தே போயிருந்த சமயமுங்க. எங்க சிறு விவசாயிகள் சங்கத்துக்கு நான்தான் செயலாளர். டெல்லியிலிருந்து அதிகாரி வராரு, பாதிக்கப்பட்டவங்க போட்டோவோட மனு குடுங்கன்னாங்க. நானும் எல்லாரையும் தோட்டத்துக்கு வரச் சொன்னேன்.

வந்தாங்க பாருங்க! இஸ்திரி போட்ட சட்டை, புது ஸ்வெட்டர், மூஞ்சி பூரா பவுடர். ஒருத்தர் மச்சினனோட புல்லட்டையே ஓட்டிட்டு வந்துட்டாரு.

"ஏனுங்க, கஷ்டத்துல இருக்கற மாதிரி வாங்கன்னேனே!"

"கஷ்டம் கெடக்குதுங்க. போட்டோவுக்கு நல்லா இருக்க வேண்டாமா?"

இவங்களைப் படம் புடிச்சு அனுப்பினா நம்மகிட்டயே வரி கேப்பாங்க. தலையில கை வெச்சு உக்காந்துட்டேன். அப்பத்தான் இலை எடை போடற ஷெட்லிருந்து டம் டம்முனு சத்தம். இலை வராமச் சும்மா கெடந்த ஷெட்ல நாலு பசங்க கிடார், டிரம்ஸ் வெச்சு ராக் பேண்ட் பழகிட்டிருந்தாங்க.

பேண்டு பேரு 'கவாத்து'. தேயிலைச் செடியை வெட்டிவிடறதுக்குத்தான் கவாத்துன்னு பேரு. இவனுங்க தலையில கத்திரி பட்டே வருஷக்கணக்காச்சு. கிழிஞ்ச ஜீன்ஸு, ஒட்டின கன்னம், தூங்காத கண்ணு.

அடடா! நான் தேடின கஷ்டம் முழுசா முன்னால நிக்குது!

"தம்பிகளா, ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?"

"எங்க பேண்டையாங்ணா?" பாடற பையனுக்குக் கண்ணே கலங்கிருச்சு. அதுவரைக்கும் ஒருத்தரும் அவங்களைப் படம் புடிச்சதில்லையாம்.

"ஆமா"ன்னுட்டேன், கொஞ்சம்கூட வெக்கமில்லாம. "சிரிக்க மட்டும் கூடாது."

"ராக் பேண்டு சிரிக்கவே சிரிக்காதுங்ணா!"

செடிக்கு நடுவுல நிறுத்தினேன். செயலாளர்ங்கற மரியாதைக்கு நானும் கல்யாணக் கோட்டை மாட்டிட்டு ஓரமா நின்னேன். இலைக்கொத்து ஒண்ணை ஒடிச்சு, பாடற பையன் மூஞ்சிக்கு நேரா நீட்டினேன், இதாலதான் இந்தக் கதின்னு தெரியட்டும்னு. பசங்க சரியா நிக்கறதுக்குள்ள, நான் வரச் சொல்லியிருந்த ஸ்டுடியோக்காரர் கேமராவை அமுக்கிட்டாரு. ஒருத்தன் தலையைச் சொறியறான், ஒருத்தன் கொட்டாவி விடறான். இன்னும் நல்லதாப் போச்சு, பசி மாதிரியே இருந்துச்சு.

டெல்லி அதிகாரி போட்டோவைப் பாத்து "ச்சு ச்சு"ன்னாரு. அப்புறம் கோட்டைப் பாத்தாரு. என்னைப் பாத்தாரு. நான்தான் முதலாளின்னு நெனச்சு, ஆளுங்க இப்படி இருக்கையில உனக்குக் கோட்டு கேக்குதான்னு இங்கிலீஷ்ல கத்தி, நிவாரணப் பட்டியல்ல என்ற பேரை மட்டும் அடிச்சுட்டாரு.

சரி, அதை விடுங்க. போன மாசத்துக்கு வர்றேன்.

பேனர் கடைக்காரர் செல்வம் போட்டோவை வாங்கினாரு. லைட்டுக்கடியில கொண்டுபோய் மறுபடி பாத்தாரு.

"அண்ணா, இது கவாத்து பேண்டுங்ணா!"

"ஆமா, நம்ம ஷெட் பசங்க."

"ஷெட் பசங்களா? சிங்கப்பூர்ல கச்சேரி பண்றாங்க! பேரு வாங்கறதுக்கு முந்தின போட்டோ ஒண்ணுகூட எங்கயுமே இல்லீங்ணா!"

நான் ஒரு டீ குடிச்சு முடிக்கறதுக்குள்ள மனுசன் அதைப் போன்ல ஏத்தி ஊரு உலகத்துக்கே அனுப்பிட்டாரு. சாயங்காலம் பாடற பையனே போன் பண்ணிட்டான்.

"எங்க மொதப் போட்டோ! தேடாத எடமில்லைங்ணா!"ன்னு அழுதான். போட்டோவுக்குப் பின்னால 'பட்டினியால் வாடும் விவசாயிகள்'னு நானே எழுதி, சங்க முத்திரையும் குத்தி வெச்சிருக்கறதைச் சொல்ல வாய் வரல.

"சுத்தம் பண்ணி, நல்லா அழகாக்கி நாங்க நெட்ல போடறோம்ணா"ன்னான். போட்டுக்கப்பான்னுட்டேன். அப்புறம் மண்டபம், பந்தல்னு அலைச்சல், அதை நான் பாக்கவே இல்ல.

மணிவிழா அன்னிக்கு மண்டப வாசல்ல பன்னண்டு அடி பேனர். நாலு பசங்களும் ஜம்முனு நிக்கறாங்க. கீழ 'அறுபது காணும் எங்கள் அன்புத் தெய்வமே'ன்னு தங்க எழுத்து.

என்னைக் காணோம்!

"செல்வம், நான் எங்கப்பா?"

"நீங்க குடுத்தது மங்கலா இருந்துச்சுங்ணா. அவங்க போட்டது பளிச்சுனு இருந்துச்சு, அதையே அடிச்சுட்டேன். நீங்களும் இருக்கீங்ணா, நல்லாப் பாருங்க."

பாத்தேன். பசங்க என்னைக் கவாத்து பண்ணியிருந்தாங்க. தலை இல்ல, முடி இல்ல. ஓரத்துல கறுப்புக் கோட்டுக் கை ஒண்ணு மட்டும் இலைக்கொத்தை நீட்டிட்டிருக்கு.

கோயமுத்தூர்லிருந்து வந்த சம்பந்தி பேனரை மேலயும் கீழயும் பாத்துட்டு, "ஏனுங்க, இதுல அறுபது யாருக்குங்க?"ன்னாரு.

சரசு சிரிக்காமச் சொன்னா.

"அந்தக் கைக்குத்தானுங்க."