புகைபோக்கியில் கட்டிய பேனர்

டயொக்சின் என்ற சொல்லை நான் கற்றுக்கொண்ட வாரத்தில் என்னிடம் அகப்பட்ட எல்லோரிடமும் இன்று மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். பதுளையில் மூன்று நாள் பயிற்சி. எங்கள் தோட்டத்துக்குத் திரும்பும்போது ஸ்பிரிங்வெளி பஸ்ஸில் பக்கத்தில் இருந்த அம்மாவுக்கே வகுப்பெடுத்தேன். (பாவம், போக வேண்டிய இடம் வருமுன்னே இறங்கிவிட்டார்.)

இரண்டாயிரத்தின் ஆரம்பம் அது. எனக்கு இருபத்துமூன்று வயது. தேயிலைத் தோட்ட ஆஸ்பத்திரியில் சுகாதார உதவியாளர் வேலை, இன்னும் நிரந்தரமாகவில்லை. ஆஸ்பத்திரிக் குப்பையை எரிக்கப் புது உலை வந்திருந்தது. முதல் அறையில் எழும் புகையை இரண்டாம் அறையில் கடும் சூட்டில் மறுபடி எரித்தால் டயொக்சின் நஞ்சு வெகுவாகக் குறையும். ஆனால் பிளாஸ்டிக் எரிந்தால் அந்த நஞ்சு கூடும் என்பதால் சேலைன் குழாய், பை எல்லாவற்றையும் முதலிலேயே பிரித்தெடுத்துவிட வேண்டும். உலையைப் பார்த்துக்கொண்ட மாரிமுத்து அண்ணன் இதை ஒரே தடவையில் புரிந்துகொண்டார். நான்தான் பதினைந்து தடவை சொன்னேன்.

மாகாண அதிகாரிகள் பார்வையிட வருவதாக இருந்தது. அவர்களுக்குத் திருப்தியென்றால் மற்றத் தோட்டங்களுக்கும் உலை கிடைக்கும். அதற்காக எங்கள் டாக்டர் மாதக்கணக்கில் அலைந்திருந்தார். யாரும் கேட்காமலே அலங்காரப் பொறுப்பை நான் ஏற்றேன். ‘பிளாஸ்டிக்கை எரிக்காதீர்கள்’ என்று நீளமாக ஒரு பேனர் எழுதுவித்து, இடது முனையைக் கொய்யா மரத்திலும் வலது முனையைப் புகைபோக்கியிலும் கட்டச் சொன்னேன்.

“மிஸ், இதுவும் பிளாஸ்டிக் தானுங்களே?” என்றார் மாரிமுத்து அண்ணன்.

“அண்ணே, இது எரிக்கிற பிளாஸ்டிக் இல்ல. படிக்கிற பிளாஸ்டிக்.”

அதிகாரிகள் வந்தார்கள். உலை நன்றாகச் சூடேறியது. பேனருக்கு முதுகைக் காட்டி நின்று விளக்கினேன். திடீரென்று கருகல் நாற்றம். எல்லோருடைய கண்ணும் என் தலைக்கு மேலே போனது. நான் விடுவேனா? “இந்த மாதிரி நாற்றம் வந்தால், யாரோ ஒரு முட்டாள் பிளாஸ்டிக்கை எரிக்கிறான் என்று அர்த்தம்,” என்றேன்.

டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர், சத்தமே போடமாட்டார். “பிள்ளை, விளக்கம் காணும், நிப்பாட்டும். திரும்பிப் பாரும்,” என்றார்.

பேனரின் வலது பக்கம் உருகிப் புகைபோக்கியில் ஒட்டிக் கரும்புகை கக்கிக்கொண்டிருந்தது. மிச்சம் கம்பீரமாகக் காற்றில் ஆடியது: ‘பிளாஸ்டிக்கை எரி’.

மாரிமுத்து அண்ணன் தேயிலை வெட்டும் கவ்வாத்துக் கத்தியால் கயிற்றை அறுத்தார். சற்று நேரத்தில் புகை அடங்கியது. அதிகாரிகள் உலையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். ஒரு குறையும் இல்லை. கடைசியில் பெரியவர் கேட்டார், “பேனர் யாருடைய யோசனை?”

நான் வாயைத் திறக்குமுன் மாரிமுத்து அண்ணன் பணிவாகச் சொன்னார், “கடையில தப்பா எழுதிட்டாங்க சார்.”

பெரியவர் சிரித்த சிரிப்பில் மற்றத் தோட்டங்களுக்கு உலை கிடைத்தது, என் வேலையும் நிரந்தரமானது. என் வார்த்தைக்குத்தான் வீட்டில் மதிப்பில்லாமல் போயிற்று. சர்க்கரை வியாதிக்காரரான என் கணவரிடம் இன்றைக்கும், “தேத்தண்ணில சீனி போடாதீங்க” என்பேன். அவர் இரண்டு கரண்டி போட்டுக் கலக்கிக்கொண்டே சொல்வார்:

“‘சீனி போடு’ன்னுதான் கேட்டுச்சு. மிச்சம் எரிஞ்சு போச்சு போல.”