கரமனையில் ஓர் ஏசி வைத்தியர்

ஏசி வாங்கும் வீட்டுக்கு இலவச இணைப்பாக ஒரு வைத்தியரும் வந்து சேர்வார். பார்த்திருப்பீர்கள். பொறியியல் படித்தவர், ஆகவே மெக்கானிக்கைக் கூப்பிடமாட்டார். கூப்பிட்டுவிட்டால் பட்டத்தை எங்கே மாட்டுவது?

கரமனை ராமசுப்ரமணியன் இந்த இனத்தில் அசல். அப்பா பஞ்சாபகேசன் காலமாகி இரண்டு மாதம். அவருடைய மூச்சுத்திணறலுக்காக வாங்கிய ஜன்னல் ஏசி ஓடும் அறையில் இப்போது அம்மா சீதாலக்ஷ்மி மட்டும் படுக்கிறாள். தூக்கமில்லாமல் பாதியாகிவிட்டாள். மத்தியானமாவது தூங்கவேண்டும் என்றார் டாக்டர். மலையாளத்து மீன மாத வெயில், நம் பங்குனி. அம்மா கதவைச் சாத்திக்கொள்வாள், ஏசி உறுமும், கூடத்தில் மகன் காதைத் தீட்டிக்கொண்டிருப்பார். சட்டென்று ஏசி நின்றுவிடும். கொஞ்சம் பொறுத்து மறுபடி உறுமும். மறுபடி நிற்கும்.

அப்பாவின் நெஞ்சில் என்ன கோளாறு என்பது கடைசிவரை அவருக்குப் பிடிபடவில்லை. இதையாவது விடுவாரா?

வோல்டேஜ் என்று ஸ்டெபிலைசரைப் பிரித்தார், தெர்மோஸ்டாட் என்று அதை மாற்றினார், கெபாசிட்டர் என்றார், கேஸ் என்றார், ஃபில்டரைக் கழுவி வெயிலில் காயவைத்தார், எல்லாவற்றையும் திரும்ப மாட்டியபோது மீந்துபோன இரண்டு திருகாணிகளை, ஏசி தயாரித்தவனின் அஜாக்கிரதை என்று தீர்ப்பளித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

ஏசி நின்றது.

"அதுக்கு ஒண்ணும் இல்லடா ராமு, விட்டுடு," என்றாள் அம்மா.

"உனக்குத் தெரியாதும்மா. இது இன்டர்மிட்டன்ட் ஃபால்ட் ஆக்கும்."

தங்கை பத்மஜாவுக்குச் சிரிப்பு. "மெக்கானிக் ஷிஜுவை விளிச்சா அஞ்சு நிமிஷ ஜோலி, அண்ணா. நீ அதுக்கு சஷ்டியப்தபூர்த்தி பண்ணிவச்சுட்டுத்தான் விடுவே போல்ருக்கே!"

"அவனுக்குத் தியரி தெரியாது."

கடைசியில், கோளாறைக் கையும் களவுமாகப் பிடிக்க, டெஸ்டரும் டார்ச்சுமாக அறை மூலையிலேயே உட்கார்ந்துவிட்டார். அம்மா கண்ணயர்ந்தாள். சற்று நேரத்தில் பாதித் தூக்கத்தில் எழுந்தாள். ஸ்விட்சை அணைத்தாள். மெத்தை சுருட்டிவைத்திருந்த பக்கத்துக் கட்டிலை நோக்கிக் காதைச் சாய்த்து நின்றாள். பிறகு ஸ்விட்சைப் போட்டாள்.

"என்னம்மா பண்றே?"

திடுக்கிட்டு விழித்தாள். "இது இரையறதோன்னோ. அப்பா இருமினாக் கேக்காதுன்னு அணைச்சு அணைச்சுப் பாத்துப்பேன். கை இன்னும் விடலைடா."

"முன்னாடியே சொல்லப்படாதோ?"

"நீ மிஷினைத்தானே கேட்டுண்டிருந்தே?"

வைத்தியருக்குத் தியரி தீர்ந்துபோயிற்று. டெஸ்டரைக் கீழே வைத்தார். நாற்காலியைக் கட்டிலருகே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"நீ தூங்கு. நான் கேட்டுண்டிருக்கேன்."

அன்று சாயங்காலம்வரை ஏசி நிற்கவில்லை.

இந்த இனம் கரமனையோடு முடிந்தது என்று நிம்மதியாக இருக்காதீர்கள். உங்கள் வீட்டில் மின்விசிறி முனகும், மிக்சி திக்கும். நீங்கள் ஏற்கெனவே ஸ்டூலில் ஏறியாயிற்று. கீழே நிற்பவர் ஏதோ சொல்ல வாயெடுக்கிறார். நீங்களோ, "டார்ச்சை நேராப் பிடி" என்கிறீர்கள்.