இடம் மாறிய நட்சத்திரங்கள்

படித்த பிள்ளைகள் தப்புச் செய்தால் அதைத் தப்பு என்று சொல்வதில்லை, கண்டுபிடிப்பு என்பார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். அதுவும் தெருவையே கூட்டி வைத்துக்கொண்டு.

அப்போது ஆராய்ச்சிப் படிப்பில் முதல் வருஷம். வானத்தின் எந்தத் திசையில் அகச்சிவப்பு ஒளியில் எத்தனை நட்சத்திரங்கள் தெரியும் என்று கணக்கிட, கணினியில் ஒரு கணித மாதிரியை உருவாக்கியிருந்தேன். (எண்ணாமலே எண்ணிக்கை சொல்கிற வேலை.) பேராசிரியர்கள் அதைக் கேட்டுத் தலையாட்டினால்தான் படிப்பைத் தொடர முடியும். லீவுக்குப் பழவேற்காடு வந்திருந்ததால் வீட்டிலிருந்தே ஆன்லைனில் பேசலாம் என்றார்கள்.

நைனா, அதாவது என் அப்பா, அன்று இறால் பிடிக்கப் போகவில்லை. சலவைச் சட்டை போட்டுக்கொண்டு அக்கம்பக்கத்தாரையும் அழைத்துவந்து என் பின்னால் உட்காரவைத்துவிட்டார். மீன் வாடை லேப்டாப் வழியாகப் போகாது என்று அம்மாவிடம் நான் சத்தியம் செய்யவேண்டி வந்தது.

பிரமாதமாக ஆரம்பித்தேன். "அகச்சிவப்பு ஒளி தூசியைத் தாண்டி வந்துடும். அதான் இதோட அருமை!" என்று முழங்கிவிட்டு வரைபடத்தைக் காட்டினேன். ரிஷப ராசிப் பக்கம் நட்சத்திரங்கள் திருவிழாக் கூட்டமாய் நெரிந்தன. தனுசுப் பக்கம் ஈ காக்கை இல்லை.

மூத்த பேராசிரியை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "பால்வீதியோட மையம் தனுசுப் பக்கம்தானே? கூட்டம் அங்க இல்ல இருக்கணும்?"

"தூசி மறைச்சிருக்கும் மேடம்."

"தூசியைத் தாண்டி வந்துடும்னு இப்பதானே சொன்னீங்க?"

"அப்ப... இது புதுக் கண்டுபிடிப்பா இருக்கலாம்."

அவர் சூத்திரத்தைக் காட்டச் சொன்னார். மைனஸ் இருக்கவேண்டிய இடத்தில் பிளஸ். மொத்தப் பால்வீதியையும் முன்பின்னாகத் திருப்பி வைத்திருந்தேன்.

நான் நிறுத்தியதும், பேச்சு முடிந்தது என்று நினைத்து நைனா கைதட்டினார். பின்னாலிருந்த எல்லோரும் தட்டினார்கள். மேடம் மட்டும் தட்டவில்லை என்று பார்த்ததும், நான் தடுப்பதற்குள் நைனா கேமராவுக்கு முன் தலையை நீட்டிவிட்டார். "மேடம், நான் இவ நைனா. இன்னா, பாப்பா தப்பா எண்ணிட்டாளா?"

"மொத்த எண்ணிக்கை சரிதாங்க. இடம்தான் மாறிப்போச்சு."

"அப்ப ஒண்ணும் காணாம போவல இல்ல? எடுத்து வெச்சிடுவா, வுடுங்க மேடம்!"

பேராசிரியை விழுந்து விழுந்து சிரித்தார். அந்தச் சிரிப்பில்தான் எனக்குத் திருத்திக் கொண்டுவர அவகாசம் கிடைத்தது.

வீட்டில்தான் விடுதலை கிடைக்கவில்லை. போன மாதம் தங்கச்சி கல்யாணம். மாப்பிள்ளை வீட்டாரை அழைத்துவர அனுப்பம்பட்டு ஸ்டேஷனுக்குப் போகவேண்டிய வேன், பக்கத்து ஸ்டேஷனான பொன்னேரிக்குப் போய் நின்றுவிட்டது. எல்லோரும் பதறினார்கள். நைனா மட்டும் நிதானமாக என் பக்கம் திரும்பி, "ஆளுங்க எண்ணிக்கை சரிதான்..." என்று இழுத்தார்.

பாதி அலங்காரத்தில் இருந்த தங்கச்சி உள்ளேயிருந்து கத்தினாள்: "இடம்தான் மாறிப்போச்சு!"