மாமரத்தில் தொங்கிய இஞ்சின்

மகேந்திரனின் கார் வளைவில் திரும்பும்போதெல்லாம் ‘டொக்’ என்றது. திங்கட்கிழமை அவன் ஜொகூரில் இருந்தாக வேண்டும். வீடு வீடாக மருந்து கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை; சொந்தக் கார் வைத்திருப்பவருக்கு மட்டும்தான். இரண்டு வருடம் அவன் மட்டும் அங்கேயே தங்க வேண்டும்.

“இந்தச் சத்தத்தோட அவ்ளோ தூரம் போவ முடியாதுலா,” என்றான்.

“எனக்கென்னமோ இஞ்சின்லேர்ந்துதான் வருதுன்னு தோணுதுங்க,” என்றாள் மனைவி பிரேமலா.

அது போதாதா? மகேந்திரன் ஸ்பேனரைத் தொட்டாலே கனவு காணத் தொடங்கிவிடுகிற ஆள். அதற்கேற்ப, தஞ்சோங் காராங் வயல்காற்றும் கண்ணைச் சொருக வைத்தது. கடலோரச் சாலையில் கார் ஓசையே இல்லாமல் மிதந்து போவதாக நினைத்துக்கொண்டே போல்ட்டுகளைக் கழற்றினான். மாமரக் கிளையில் சங்கிலிக் கப்பியைக் கட்டி இழுத்தான். இஞ்சின் அசையவில்லை.

“கியர்பாக்ஸையும் சேத்துக் கழட்டிப் பாருங்களேன்,” என்று தேத்தண்ணியை நீட்டினாள் பிரேமலா.

கழற்றினான். இரண்டும் சேர்ந்து மேலே எழும்பின. காரைப் பின்னால் தள்ளினான். அந்த நேரம் பார்த்துக் கப்பி இறுகிக்கொண்டது. இஞ்சின் மேலேயும் போகாமல் கீழேயும் வராமல் தூளிபோல ஆடியது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. அவன் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டான்.

கிளை முனகியது. ஓடிப்போய் மூங்கிலால் முட்டுக்கொடுத்தான். மூங்கில் வழுக்கி, கிளை முறிந்தது. அடியில் நேற்றைய மழையில் ஊறிக் கிடந்த வாழைப்பாத்தி. அலுத்து வந்து படுக்கிறவர்போல இஞ்சின் மெதுவாகச் சேற்றில் புதைந்தது.

மகேந்திரன் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தான். ஜொகூருக்குப் போன் போட்டு வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொன்னான். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

“உனக்கு நல்லதா ஒரு வீடு வாங்கலாம்னு ஆசப்பட்டேன் பிரேமா.”

“இந்த வீட்டுக்கு என்னா கொறச்சல்? நீங்க இருக்கீங்கல்ல,” என்று அவன் கன்னத்திலிருந்த கறுப்பெண்ணெயை முந்தானையால் துடைத்துவிட்டாள். அவனுக்கு நெஞ்சு குளிர்ந்துபோயிற்று. இப்படியொரு மனைவி யாருக்கு வாய்க்கும்!

பக்கத்து வீட்டு ஹஸீனா வேலிக்கு மேல் தலையை நீட்டினாள்.

“அக்கா, அண்ணன்தான் போவலையே! காரு பின்பெட்டில உருட்டி விடணும்னு எங்கிட்ட வாங்கிட்டுப் போனீங்களே ஒரு தேங்கா, அத இப்ப எடுத்துக் குடுங்கக்கா. கறி அடுப்புல இருக்கு!”