கூட்டிய பிறகு முழுதாக்கு

நிரவல் நாடு என்று ஒரு நாடு. அதை ஆண்ட மன்னர் பெருந்தகைமாறருக்குச் சின்ன எண்கள் என்றால் ஆகாது. ஒருநாள் சபையில் ஊர்களின் வீட்டுக் கணக்கை வாசித்தார்கள். கொக்குமேட்டில் நாற்பத்து நான்கு வீடுகள் என்று கேட்டதும் மன்னர் கையை உயர்த்தினார்.

"நாற்பது சரி. அந்த நான்கு எதற்கு? காதைக் குத்துகிறது."

"நீக்கிவிடலாம், பிரபு," என்றார் எண்ணமைச்சர் குணசீலர்.

அன்றிலிருந்து ஊர்க் கணக்குகள் பத்துப் பத்தாக முழுதாக்கப்பட்டன. வீட்டுக் கணக்கை வைத்துத்தான் வாய்க்கால் தண்ணீர் விடுவார்கள். ஆகவே கொக்குமேட்டுக்கு நான்கு வீட்டுத் தண்ணீர் குறைந்தது. ஊரார் முறை வைத்துச் சமாளித்தார்கள். யாரும் சத்தம் போடாததை அமைச்சர் அமோக ஆதரவு என்று எடுத்துக்கொண்டார். மறு ஆண்டு, நூறு நூறாக முழுதாக்கச் சொல்லி ஆணை பிறந்தது. ஐம்பதுக்குக் குறைந்தவை எல்லாம் பூஜ்யம்.

கொக்குமேடு பூஜ்யமானது. அதே வாய்க்காலில் இருந்த தாழம்பாடி, ஈச்சங்குளம், நாவலடி மூன்றும் பூஜ்யமாயின. சீருடை அணிந்த காவலர்கள் வந்து, மரியாதையாக வணக்கம் வைத்து, மதகை மூடிப் பூட்டினார்கள்.

கொக்குமேட்டுத் தலைவர் அய்யாக்குட்டி தலைநகருக்கு ஓடினார்.

"நாத்தெல்லாம் கருகுதுங்க ஐயா. மதகைத் தொறந்து விடச் சொல்லுங்க."

"எந்த ஊர்?"

"கொக்குமேடு."

குணசீலர் ஏட்டைப் புரட்டினார். "அங்கே யாருமே இல்லையே. இல்லாத ஊரிலிருந்து எப்படி வந்தீர்கள்?"

"போன வாரம்தான் வரி வசூல் பண்ண ஆள் வந்தாருங்களே!"

"வரித்துறைக்கு இந்த ஆணை பொருந்தாது," என்று அமைச்சர் பொறுமையாக விளக்கினார்.

ஆட்சிமன்றத்தில் முறையிடவும் வழியில்லை. நூறு வீட்டுக்கு ஓர் உறுப்பினர் என்பது சட்டம். பூஜ்யத்துக்கு உறுப்பினர் கிடையாது. தலைநகரத்து உறுப்பினர்கள் மட்டுமே உட்கார்ந்து, ஒருவரையொருவர் பாராட்டிவிட்டுக் கலைந்தார்கள்.

ஆனாலும் மனுக்கள் வந்தபடியே இருந்தன. மக்களுக்குக் கணக்கறிவு போதவில்லை என்று குணசீலர் முடிவுக்கு வந்தார். எல்லாப் பள்ளிகளிலும் முழுதாக்கல் பாடம் கட்டாயமானது. "பிஞ்சு வயதிலேயே பழகிக்கொண்டால், வளர்ந்தபின் புலம்ப மாட்டார்கள்," என்று அவர் சபையில் சொன்னபோது கைதட்டல் அடங்க நேரமானது.

நான்கு ஊர்ப் பிள்ளைகளுக்கும் சேர்த்து ஒரே பள்ளி, ஒரே ஆசிரியை. பெயர் செங்கமலம். ஆணைப்படி அவர் பாடத்தைத் தொடங்கினார். நான்கு ஊர்களின் வீடுகளையும் கரும்பலகையில் எழுதினார்: 44, 38, 47, 41.

"கூட்டிப் பார்க்கறதுக்கு முன்னாடி, விடை எது பக்கத்துல வரும்னு உத்தேசமா தெரிஞ்சுக்கத்தான் முழுதாக்கறோம். பத்துப் பத்தா ஆக்குங்க பார்ப்போம்."

"நாப்பது, நாப்பது, அம்பது, நாப்பது!" என்று பிள்ளைகள் கத்தினார்கள். "நூத்தி எழுபது, டீச்சர்!"

"இப்ப புத்தகத்துல இருக்கற மாதிரி நூறு நூறா."

பிள்ளைகள் சிலேட்டில் போட்டுப் பார்த்தார்கள். பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். கூட்டினாலும் பூஜ்யம்.

தாழம்பாடிப் பூவரசி எழுந்தாள். அவள் வீட்டுக் கத்தரிச்செடி காய்ந்து ஒரு வாரம் ஆகியிருந்தது.

"டீச்சர், நாம இத்தனை பேர் உக்காந்திருக்கோம். விடை பூஜ்யம்னா எப்படி? கூட்டறதுக்கு முன்னாடியே எல்லாத்தையும் தள்ளிட்டோம், அதான் தப்பு. முதல்ல கூட்டிட்டு, அப்புறம் நூறாக்கினா?"

அவளே வந்து போட்டாள். கூட்டினால் நூற்று எழுபது. பக்கத்து நூறு, இருநூறு.

செங்கமலம் அந்த இருநூறைச் சுற்றி வட்டம் போட்டார். பிறகு திரும்பினார். "எல்லாரும் கேளுங்க. இன்னைக்கு இதுதான் வீட்டுக் கணக்கு. அப்பா அம்மாவுக்குப் போட்டுக் காட்டணும்."

மறுநாளே நான்கு ஊரும் கூடியது. ஒரே ஊராகச் சேர யாருக்கும் மறுப்பில்லை, புது ஊரின் பெயரில்தான் தகராறு. எங்கள் ஊர்ப் பெயர்தான் என்று நான்கு தரப்பும் மல்லுக்கு நின்றன. அய்யாக்குட்டியே துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார்.

"முதல்ல தண்ணி வரட்டும்," என்றார் செங்கமலம். "வயிறு நிறைஞ்ச பிறகு தெம்பா சண்டை போடலாம்."

சிரிப்பு கிளம்பியது. நாலூர் என்று பெயர் எழுதி அனுப்பினார்கள்.

ஊர்கள் சேரக்கூடாது என்று எந்த ஆணையிலும் இல்லை. அப்படி ஒன்று நடக்கும் என்று யாரும் நினைத்ததே இல்லை. கணக்கெடுக்க வந்த அதிகாரி தெருத்தெருவாக நடந்து, நூற்று எழுபது என்று எழுதினார். வியர்வையைத் துடைத்துக்கொண்டு அதை அடித்துவிட்டு, சட்டப்படி இருநூறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மதகு திறந்தது. காய்ந்த வாய்க்காலில் சருகுகளைத் தள்ளிக்கொண்டு தண்ணீர் வந்தது. பிள்ளைகள் கூச்சலிட்டபடி அதன் முன்னால் ஓடினார்கள், பெரியவர்கள் வெட்கப்படாமல் பின்னால் ஓடினார்கள். அய்யாக்குட்டி வேட்டியோடு வாய்க்காலில் உட்கார்ந்து அழுதார்.

நாலூருக்கு இரண்டு உறுப்பினர்கள். செங்கமலமும் அய்யாக்குட்டியும் வென்றார்கள். அதற்குள் பூவரசியின் கணக்கு பள்ளிக்குப் பள்ளி தாவியிருந்தது. நாடெங்கும் சின்ன ஊர்கள் கைகோத்தன. அடுத்த ஆட்சிமன்றக் கூட்டத்துக்கு அரண்மனையில் பெஞ்சுகள் போதாமல் சமையற்கட்டிலிருந்து மணைகள் கொண்டுவந்து போட்டார்கள்.

செங்கமலம் எழுந்து முதல் தீர்மானத்தை வாசித்தார்: மன்னர் பதவி விலக வேண்டும். ஆதரிப்பவர்கள் கைதூக்கலாம்.

கைகள் எழுந்தன. மன்னர் குனிந்து, "எத்தனை பேர்?" என்று கிசுகிசுத்தார்.

குணசீலர் மண்டபத்தை ஒருமுறை நிதானமாகப் பார்த்தார்.

"உத்தேசமாக எல்லாரும், பிரபு," என்றார். பிறகு, விடை மிகச்சரியாக இருக்கட்டும் என்று தன் கையையும் தூக்கினார்.