வெளிப்பக்கம் திறக்கும் கதவு

ஹொக்கைடோ, தெஷியோ ஆற்று மேடு
பிப்ரவரி 19, செவ்வாய்க்கிழமை

பெருமதிப்புக்குரிய மைத்துனர் அரிமுரா கென்சாகு அவர்கள் சமூகத்துக்கு,

தங்கள் தங்கை ஃபுமியேவின் கணவன் இவாகிரி தடாவோ தலை தாழ்த்தி எழுதிக்கொள்வது. ககோஷிமாவில் இந்நேரம் தங்கள் வாசல் பிளம் மரம் பூத்திருக்கும். எரிமலை இந்த வாரம் எந்தப் பக்கம் சாம்பலைத் தூவுகிறதோ, தங்கள் இருமல் எப்படி இருக்கிறதோ, அறிய ஆவல். இங்கே நான் சுகம். இதைச் சடங்குக்காக எழுதவில்லை. நேற்று மதியம் வரை இந்த வார்த்தையை என்னால் எழுதியிருக்க முடியாது.

முதலில் காரியம். போன ஓபோன் பண்டிகையன்று தங்கள் வீட்டுக் கூடத்தில், தங்கள் முன்னிலையில், எனக்கும் ஃபுமியேவுக்கும் ஏற்பட்ட ஒப்பந்தத்தைத் தாங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நான் கட்டும் வீட்டில், பிப்ரவரி மாதத்தில், விடிகாலையில், அடுப்பைத் தூண்டுவதற்கு முன், தாங்கள் வாங்கிக் கொடுத்த அந்த வெப்பமானி தொடர்ந்து ஏழு நாள் பத்து டிகிரிக்குக் குறையாமல் காட்டினால் ஃபுமியே இங்கே குடிவருவாள். காட்டாவிட்டால் நான் வீட்டை விற்றுவிட்டு வாயை மூடிக்கொண்டு ககோஷிமாவுக்குத் திரும்ப வேண்டும். தினமும் காலை ஆறரை மணிக்கு அளவை அவளுக்குப் போனில் சொல்ல வேண்டும் என்பதும் அவள் போட்ட நிபந்தனைதான். மச்சான், ஜெயித்துவிட்டேன். பன்னிரண்டாம் தேதி முதல் பதினெட்டாம் தேதி வரை: பதினொன்று, பன்னிரண்டு, பன்னிரண்டு, பதின்மூன்று, பன்னிரண்டு, பதின்மூன்று, பதின்மூன்று. கீழே என் முத்திரையைக் குத்தியிருக்கிறேன். ஆகையால் தங்கள் தங்கையை அடுத்த விமானத்தில் அனுப்பிவைக்க வேண்டியது.

ஜனவரி முழுக்க ஒன்று, மூன்று, மைனஸ் ஒன்று என்று சொல்லிக்கொண்டிருந்தவன் திடீரென்று பதின்மூன்று என்கிறானே, அதுவும் ஒரு வாரமாய்ப் போனே இல்லாமல் இருந்துவிட்டு, என்று தாங்கள் புருவத்தை உயர்த்துவது எனக்கு இங்கிருந்தே தெரிகிறது. சொல்கிறேன். ஒளித்துப் பழக்கமில்லை.

துறைமுகத்து ஐஸ் தொழிற்சாலையில் முப்பத்தெட்டு வருஷம் இருந்தவன் நான். கரண்டு போனால் நாற்பது டன் ஐஸ் கரையும், நாற்பது படகுக்காரர்கள் என் சட்டையைப் பிடிப்பார்கள். சாப்பிடும்போது விளக்கு மங்கினால்கூடக் கையைக் கழுவாமல் ஓடியிருக்கிறேன். அதனால்தான் ஓய்வு பெற்றதும், கரண்டு போகவே முடியாத வீடு ஒன்று கட்ட ஆசைப்பட்டேன். வராத கரண்டு எப்படிப் போகும்? வெளியிலிருந்து ஒரு கம்பியும் உள்ளே வராத வீடு. கூரையில் சூரியத் தகடு, கொல்லையில் கைப்பம்பு, நடுவில் விறகு அடுப்பு, ஒரு முழ கனத்துக்கு மரத்தூள் அடைத்த சுவர். குளிரை வெளியே விடாமல் அடைக்கத் தெரிந்தவனுக்கு அதை உள்ளே விடாமல் அடைப்பதா பெரிய வித்தை? அதே சுவரை உள்வெளியாகத் திருப்பிப் போட்டால் போயிற்று என்று நினைத்தேன்.

இங்கே எனக்குப் பக்கத்து வீடு என்பது இரண்டு கிலோமீட்டர். மாட்டுப்பண்ணை வைத்திருக்கும் தொகாஷி என்ற அம்மாள். எழுபது மாடு, ஒரு டிராக்டர், ஒரு நாக்கு. மூன்றில் எது பெரியது என்று சொல்வது கஷ்டம். நான் வாசற்கதவு மாட்டிக்கொண்டிருந்த அன்று டிராக்டரை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"ஐஸ்காரரே, கதவு எந்தப் பக்கம் திறக்கும்?"

"வெளிப்பக்கம்தாங்க."

"இங்கெல்லாம் உள்பக்கம் திறக்கணும். இல்லேன்னா பக்கவாட்டுல தள்ளணும். பனி வந்து முட்டுக் கொடுத்துச்சுன்னா எப்படித் திறப்பீங்க?"

"உள்பக்கம் திறந்தா வாசல்ல கழட்டி வெச்ச செருப்பை எல்லாம் வாரிக்கிட்டுப் போகாதுங்களா? மனுஷன் வீட்டுக் கதவு வெளிப்பக்கம்தான் திறக்கும். எங்க ஐஸ் கிடங்குக் கதவும் அப்படித்தான்."

"ஐஸ் கிடங்குல ஐஸ் உள்ளே இருக்கும். இங்க அது வெளியே இருக்கு," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அப்புறம் சூரியத் தகட்டை நான் கிட்டத்தட்டப் படுக்க வைத்திருப்பதைப் பார்த்து, "நிமித்தி வைங்க, பனி வழுக்கி விழட்டும்," என்றார். தகட்டைக் கூட்ட விளக்குமாறு இருக்கிறது என்றேன். முப்பது வருஷம் கூரையிலும் மாடத்திலும் எரிமலைச் சாம்பலைக் கூட்டியவன் நான். வானத்திலிருந்து விழுவதைக் கூட்டுவதற்கு ககோஷிமாக்காரனுக்கு இன்னொருவர் சொல்லித்தர வேண்டுமா?

இந்த இடத்தில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஃபுமியேவிடம் சொல்லிவிடாதீர்கள். டிசம்பரில் முதல் பனி விழுந்ததும், எரிமலைச் சாம்பலை அள்ளிக் கட்ட நம் ஊர் முனிசிபாலிட்டி கொடுக்கும் மஞ்சள் பைகளை எடுத்து, முற்றத்துப் பனியைக் கூட்டி அள்ளி, நாற்பத்தாறு பையில் கட்டி, ரோட்டோரம் வரிசையாக அடுக்கினேன். நம் ஊர் வழக்கம் கையில் ஊறிப்போயிருக்கிறது, என்ன செய்ய! தொகாஷி வந்தார்.

"இது என்ன மூட்டை?"

"பனிங்க."

"அது தெரியுது. யாருக்கு அனுப்புறீங்க?"

"முனிசிபாலிட்டி லாரி வந்து எடுத்துக்காதா?"

அந்த அம்மாள் டிராக்டர் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில், கீழே பண்ணையில் மாடுகள் பதில் கொடுத்தன. "இங்க விழற பனியை எல்லாம் மூட்டை கட்டினா ஜப்பான்ல பை பத்தாதுங்க," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டவர், "சரி, கட்டினது கட்டியாச்சு, வடக்குச் சுவத்தோரமா அடுக்குங்க, வீடு கதகதன்னு இருக்கும்," என்றார். பனியை அடுக்கினால் வீடு சூடாகுமாம்! கேலி செய்கிறார் என்று நினைத்து, ரோஷத்தில் ஒரு பையைக்கூட நகர்த்தவில்லை. ஜனவரியில் குளிர்பெட்டிக்குள் வைத்த முட்டை மட்டும்தான் வீட்டில் உறையாமல் இருந்தது. கரண்டு கொடுக்காத குளிர்பெட்டி, மச்சான். முட்டைக்குப் போர்வை மாதிரி.

இப்போது பதினோராம் தேதி இரவுக்கு வருகிறேன். பனிப்புயல் என்று ரேடியோ சொன்னது. நானும் விறகை எல்லாம் உள்ளே கொண்டுவந்து அடுக்கிவிட்டு, அரிசி இருக்கிறது, மிசோ இருக்கிறது, தாங்கள் அனுப்பிய கருவாடு இருக்கிறது, சர்க்கரைவள்ளிச் சாராயம் அரைப் புட்டி இருக்கிறது, எனக்கென்ன என்று படுத்தேன். காலையில் எழுந்தால் விடியவே இல்லை. கடிகாரம் ஆறரை என்கிறது, ஜன்னல் கன்னங்கரேல் என்கிறது. கதவைத் தள்ளினேன், அசையவில்லை. தோளால் முட்டினேன், காலால் உதைத்தேன், பின்னால் போய் ஓடி வந்து மோதினேன், கதவு அப்படியே நிற்கிறது, நான் என் செருப்புகளின் மேல் உட்கார்ந்திருக்கிறேன். ஜன்னலோ, காற்றுப் புகக் கூடாது என்று நானே ஆணியடித்து மெழுகு பூசி அடைத்தது. திறக்கிறது ஒன்றே ஒன்று, கூரையோரம் உள்ள காற்றுவழி, அதில் பூனைகூட நுழையாது. தகட்டின் மேல் ஒரு முழப் பனி, விளக்குமாறு உள்ளே, நானும் உள்ளே. பேட்டரி அந்த இரவே தீர்ந்து, போன் அணைந்திருந்தது. முதல் நாள் பத்து அடி தோண்ட வேண்டுமா ஆறு அடி தோண்ட வேண்டுமா என்று கணக்குப் போட்டேன், அப்புறம் விட்டுவிட்டேன். தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாண் என்ன, முழம் என்ன.

ஆனால் அந்த முதல் நாளே வெப்பமானியைப் பார்த்தேன். பதினொன்று! தீக்குச்சியைக் கிழித்துப் பிடித்து மூன்று தரம் பார்த்தேன். வீடு முழுக்கப் பனிக்குள் புதைந்ததால் காற்று தீண்டவில்லை. தொகாஷி சொன்னது கேலி இல்லை. ஜெயித்துக்கொண்டிருக்கிறேன், சொல்லத்தான் ஆளில்லை. காற்றுவழியாகக் கரண்டியை நீட்டிப் பனியைச் சுரண்டி உருக்கிக் குடித்தேன், சோறாக்கினேன். அடுப்புப் புகைபோக்கியை உயரமாக வைத்திருந்தேனே, அது ஒன்றுதான் என் புத்திசாலித்தனத்தில் பிழைத்தது.

நான்காம் நாள் பயந்துவிட்டேன், மச்சான். உங்களிடம் சொல்வதற்கு என்ன. காலை ஆறரை மணி ஆனால் கை தானாகப் போனை எடுக்கிறது. கறுப்புக் கண்ணாடியைப் பார்த்து, "ஃபுமியே, பதின்மூணு," என்று சொல்லிவிட்டு வைக்கிறேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை. இந்தக் கூட்டுக்குள்ளேயே போய்விட்டால் இத்தனை டிகிரி யாருக்கு என்று நினைத்து அழுதேன். பிறகு அறுபதாம் பிறந்த நாளுக்குத் தாங்கள் போட்டுவிட்ட சிவப்பு மேலங்கி ஞாபகம் வந்தது. அதை விளக்குமாற்றில் கட்டி, காற்றுவழியில் கரண்டியால் சுரண்டிய துளை வழியாக வெளியே நீட்டி, கை ஓயும் வரை ஆட்டினேன். மூன்று நாள் ஆட்டினேன்.

நேற்று மதியம் தலைக்கு மேல் டிராக்டர் சத்தம். ஒரு மணி நேரம் தோண்டியபின் கதவு ஒரு சாண் திறந்தது. அந்தச் சந்தில் தொகாஷியின் மூக்கு.

"உசுரோட இருக்கீங்களா?"

"இருக்கேங்க! சிவப்புக் கொடியைப் பார்த்து வந்தீங்களா?"

"கொடியா அது? நரி எதையோ அடிச்சுப் போட்டிருக்குன்னு ரெண்டு நாளா நினைச்சிட்டிருந்தேன். புகை வந்துச்சு, சரி, மனுஷன் சொகமா உக்காந்திருக்காரு, தொந்தரவு பண்ண வேணாம்னு விட்டுட்டேன். கதவு எந்தப் பக்கம் திறக்கும்னு சொன்னீங்க?"

குனிந்து வணங்கினேன். குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்கிற ரகம் நான், தங்களுக்குத் தெரியும். ஆனால் நேற்று முகமெல்லாம் மண்ணாக இருந்தது. புயலில் ஊர் முழுக்கக் கரண்டு போய், போன் கோபுரமும் நின்றுவிட்டதால் தொகாஷி வீட்டிலும் போன் இல்லை. மேட்டுக்குக் கீழே அத்தனை வீடும் இருட்டு, என் வீடு எப்போதும் போல இருட்டு. அதில் ஒரு சின்ன நிம்மதி. அவர் சுவரைச் சுற்றியிருந்த பனியை எல்லாம் வழித்துத் தள்ளிக் கொடுத்தார். நான் இன்று காலை முழுக்க உட்கார்ந்து கதவைக் கழற்றி, உள்பக்கம் திறக்கும்படி மாற்றிவிட்டேன். தகட்டையும் நிமிர்த்தியாயிற்று. வீடு பூரணம். உயிரும் பத்திரம், ஒப்பந்தமும் பத்திரம். மனசு இறகு போல இருக்கிறது. ஃபுமியே கம்பளிச் சட்டை இரண்டு மட்டும் கொண்டுவந்தால் போதும்.

தங்கள் குடும்பத்தாருக்கும், தங்கள் எலுமிச்சைத் தோட்டத்துக்கும், எரிமலை நம்மை விட்டுவைத்திருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் என் வணக்கத்தைச் சேர்த்து அனுப்புகிறேன். இருமலுக்குத் தேன் குடிக்கவும்.

என்றும் தங்கள் பணிவுள்ள
இவாகிரி தடாவோ (முத்திரை)

பின்குறிப்பு. 21, வியாழன். மேலே எழுதியதை எல்லாம் தயவுசெய்து அடித்துவிடவும். தபால் வண்டி இன்னும் வராததால் இந்தக் கடிதம் இங்கேயே கிடந்தது. தொகாஷி பனியை வழித்தெடுத்துவிட்டதால் நேற்று விடிகாலை வெப்பமானி காட்டியது நாலு. வீட்டுச் சூடு என் சுவரால் வந்ததில்லை, சுற்றியிருந்த பனியால் வந்தது. தோற்றுவிட்டேன் என்று எழுதப் பேனாவை எடுத்தபோது டிராக்டர் வந்தது. அதில் கன்றுக்குட்டிப் போர்வையைப் போர்த்திக்கொண்டு, தங்களுடைய மீன்பிடி பூட்ஸைப் போட்டுக்கொண்டு, தங்கள் தங்கை. விமானம் ரத்தாகி சப்போரோவில் மூன்று நாள் பெஞ்சில் தூங்கியிருக்கிறாள்.

"ஏங்க, போனுக்கு என்னாச்சு?"

"சார்ஜ் இல்ல."

"எட்டு நாளாவா?" என்று கழுத்துத் துண்டால் என் தோளில் நாலு அடி வைத்தாள். பிறகு படியில் உட்கார்ந்து அழுதாள். நானும்தான். தொகாஷி மாடு பார்ப்பது போல வேறு பக்கம் பார்த்தார், அங்கே மாடே இல்லை. நான் உண்மையைச் சொன்னேன்: "ஃபுமியே, நாலு டிகிரி. தோத்துட்டேன். வீட்டை வித்துட்டு உன்கூட வந்துடுறேன்."

"இப்ப டிகிரியை யாரு கேட்டா?"

"நீதானே கேட்டே, அண்ணன் முன்னாடி."

"தினம் ஆறரைக்கு நீங்க கூப்பிடணும்னு கேட்டேன். சும்மா கூப்பிடுங்கன்னா கூப்பிடுற ஆளா நீங்க? நம்பர் சொல்லணும்னாதான் கூப்பிடுவீங்க. ஒண்ணுன்னு சொல்லுங்க, மைனஸ் ஒண்ணுன்னு சொல்லுங்க, சொல்ற குரல் வந்தா போதும்."

முப்பத்தைந்து வருஷம் குடும்பம் நடத்தியும் இது எனக்குத் தெரியாது, மச்சான். உங்களுக்காவது தெரியுமா?

அப்புறம் ரோட்டோரம் மஞ்சள் பைகளைப் பார்த்தாள். எதற்கு என்று கேட்கவில்லை, நம் ஊர்க்காரி அல்லவா. வடக்குச் சுவரோரம் அடுக்கினால் கதகதப்பு என்று தொகாஷி சொன்னதும் முந்தானையைச் செருகுகிறவள் போலப் போர்வையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு இறங்கிவிட்டாள். அவள் பை கட்டுகிற வேகம் தங்களுக்குத் தெரியாததில்லை. சாயங்காலத்துக்குள் நாற்பத்தாறும் போதாமல், இருந்த பையெல்லாம் தீர்ந்து, வடக்குச் சுவர் ஆள் உயரத்துக்கு எழும்பிவிட்டது. இன்று காலை ஏழு டிகிரி. ஆகவே தங்கையை அனுப்ப வேண்டாம், சாம்பல் பை ஒரு நூறு அனுப்பவும். பூட்ஸ் பத்திரமாக இருக்கிறது, வசந்தத்தில்தான் திரும்பி வரும்.

இன்னொன்று. உள்பக்கம் திறக்கும் கதவு அவள் வந்த முதல் நாளே இரண்டு ஜோடிச் செருப்பையும் வாரி நசுக்கிவிட்டது. "இது வீட்டுக் கதவா? மனுஷன் வீட்டுக் கதவு வெளிப்பக்கம்தான் திறக்கும்," என்று சொல்லிவிட்டாள். மறுபடி கழற்றி வெளிப்பக்கமாக மாட்டிவிட்டேன். கடிதத்தை வாங்கிக்கொண்டு போகத் தொகாஷி டிராக்டரை அணைக்காமல் நிற்கிறார், சீக்கிரம் என்கிறார், ஏனென்றால் பனி ஆரம்பித்துவிட்டது. நாளைக் காலை கதவு திறக்காது. ஃபுமியே உள்ளே சோறு வடித்துக்கொண்டிருக்கிறாள்.