ஏழு விமானங்களும் அம்மாவின் யன்னல் இருக்கையும்

தோட்டவெளி,
மன்னார்.
2026 மார்ச் 25, புதன்கிழமை.

அன்புள்ள மகள் டிலோஜினிக்கு,

கடந்த ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பின் நமது வீட்டு விறாந்தையில் கூடிய கூட்டத்தில், ஒல்லாந்துக்கு உன்னிடம் வரும் விமானத்தில் உன் அம்மா யன்னலோரம் இருப்பதென்று ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. ஆலோசனை ஒரு மணி நாற்பது நிமிடம் நீடித்தது. நான் முன்மொழிந்தேன். உன் மாமா பஸ்ரியன் கொட்டாவி விட்டதை வழிமொழிதலாகப் பதிந்துகொண்டேன். எங்கே இருந்தாலும் சரி என்ற மாற்றுத் தீர்மானம் தோல்வியடைந்தது. அதைக் கொண்டுவந்தவர் உன் அம்மா.

நீயும் மருமகனும், அடுத்த வியாழன் பிறக்கப்போகும் ஆளும் மடு மாதாவின் காவலில் சுகமாக இருக்க வேண்டுகிறேன். இங்கு நாங்கள் சுகம். விமானம்தான் இன்னும் முடிவாகவில்லை.

எங்கும் இறங்கி மாறாமல் வரலாம் என்று மருமகன் டிக்கெட் எடுத்துத் தந்த ‘ஸோமர் எயர்’ கம்பனியைப் பற்றி, முப்பத்தொரு வருடம் அரசாங்கக் கந்தோரில் பைல் பார்த்தவன் என்ற முறையில் நான் ஒரு பைல் திறந்தது உனக்குத் தெரியும். மழையில் சலித்துப்போன இரண்டு உருளைக்கிழங்கு வியாபாரிகள் 1964இல் ஒரு பழைய விமானத்தை வாங்கி, வெயில் பார்க்கப் போகும் சனங்களை ஸ்பெயினுக்கு ஏற்றத் தொடங்கினார்களாம். அவர்களின் கம்பனியை ஒரு சுற்றுலாக் கம்பனி வாங்கியது, அதை ஒரு கப்பல் கம்பனி வாங்கியது, அதை அந்த உருளைக்கிழங்கு வியாபாரிகளில் ஒருவரின் மருமகன் திரும்பவும் வாங்கினார். ஒவ்வொரு முறையும் விமானத்தின் வாலுக்கு வேறு நிறம் பூசினார்கள். இதைத்தான் தங்கள் இணையத்தளத்தில் ‘எங்கள் வரலாறு’ என்று போட்டிருக்கிறார்கள். மன்னாருக்கு வந்த பழைய ஒல்லாந்தர் நூற்று முப்பத்தேழு வருடம் இருந்துவிட்டுப் போனார்கள். இவர்கள் ஒவ்வொரு வருடமும் இலங்கைக்கு நவம்பரில் வரத் தொடங்கி மார்ச் கடைசி வியாழனோடு முடித்துக்கொள்கிறார்கள். இதை முன்னேற்றம் என்றே பதிந்திருக்கிறேன்.

விமானங்கள் மொத்தம் ஏழு. இரண்டு பனிக்காலத்தில் கனடாவுக்கு வாடகைக்குப் போய்விடும். ஒன்று துருக்கியில். ஒன்று எப்போதும் திருத்தத்தில். மிச்சம் மூன்றில் ஒன்று போர்த்துக்கலில் ஓடியது, ஒன்று கனடாவிலேயே பன்னிரண்டு வருடம் ஓடியது, மற்றதன் பூர்வீகம் ஒருவருக்கும் தெரியாது. இங்கேதான் எனக்கு நித்திரை போனது. பஸ்ரியன் பேசாலையில் விசாரிக்காமல் வாங்கிய மீன்பிடி போட், மூன்று மாதம் அதை விற்ற பழைய சம்மாட்டியின் கரைக்கே திரும்பித் திரும்பிப் போனதை ஊரே பார்த்தது. பங்குச் சுவாமியார் வந்து தீர்த்தம் தெளித்து மந்திரித்துப் பெயர் மாற்றிய பிறகுதான் அது நமது கரையை அறிந்தது. பன்னிரண்டு வருடம் கனடாவுக்குப் பழகிய விமானம் உன் அம்மாவை எங்கே கொண்டுபோய் இறக்கும்?

ஆகவே கம்பனிக்கு எழுதிக் கேட்டேன். விமானத்தின் முதல் சொந்தக்காரர் யார், ஏன் விற்றார், யார் மந்திரித்தார், உள்ளே எந்தப் புனிதரின் படம் இருக்கிறது. பொதி இருபத்துமூன்று கிலோ என்று முதல் பதில் வந்தது. பயணிக்குக் கச்சான் கடலை ஒத்துக்கொள்ளுமா என்று இரண்டாவது. எந்த விமானம் என்பது அன்றைக்குத்தான் தெரியும் என்று மூன்றாவது. இதனால்தான் ஜனவரிப் பயணத்தையும் பெப்ரவரிப் பயணத்தையும் தள்ளிவைத்தேன். மூன்றாவது பதிலைக் கூட்டத்தில் வாசித்தபோது பஸ்ரியன் சொன்னான்:

“அத்தான், போட் வாங்கேக்குள்ள நான் கேக்காமல் விட்ட கேள்வியள்தான் இது. ஆனா நான் போட்டை வாங்கினனான். அக்கா ஏறி இறங்கத்தானே போறா?”

“ஏறுறது பிரச்சினை இல்லையடா. எங்க இறங்கிறது?” என்றேன்.

அடுப்படியில் உனக்காக மல்லி, மிளகு சேர்த்துப் பிள்ளைப்பெத்த சரக்கு இடித்துக்கொண்டிருந்த உன் அம்மா, உலக்கையை நிறுத்தாமலே சொன்னார்: “இஞ்சேருங்கோ, நீங்கள் ஆறுதலாப் பைலைப் பாருங்கோ. பைல் முடியுமட்டும் பிள்ளை உள்ளுக்க இருக்காது. தலைப்பிள்ளை, அவள் அங்க தனிய.”

இது உணர்ச்சிவசப்பட்ட கருத்து என்று பதிந்தேன்.

தள்ளிப்போட்ட டிக்கெட் இப்போது நாளைக்கு இருக்கிறது; நாளை வியாழன்தான் இந்தப் பருவத்தின் கடைசி விமானம். பைல் முடியாதபடியால் அம்மா அதில் வரமாட்டார். அடுத்தது நவம்பரில். அதற்குள் பிள்ளை தவழத் தொடங்கியிருக்கும், பார்க்கவும் அதுதான் வடிவு. டிக்கெட்டை மாற்றும்படி மருமகனிடம் சொல். யன்னலோரம் என்ற தீர்மானத்தில் மாற்றம் இல்லை.

பிள்ளையும் நீயும் சேதமில்லாமல் இரு உயிராக எழும்பவேண்டும் என்று தினமும் அந்தோனியாருக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்துகிறேன்.

உன் பாசமுள்ள அப்பா,
சந்தியோகு

பி.கு.: இதை உறையின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். கடிதத்தைத் தபாலில் போடும்படி அம்மாவிடம் நீட்டினேன். “தபால் என்னத்துக்கு? நானே அவளிட்டக் குடுக்கிறன்” என்று கைப்பையைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறார். வாசலில் பஸ்ரியனின் வான் நிற்கிறது. சரக்கு மட்டும் பத்துக் கிலோ. நாளைய விமானத்தில் இருக்கையைப் பஸ்ரியன் போனிலேயே எடுத்துவிட்டானாம். 27E. நடு இருக்கை.